பாட்டனுக்குத் தேடி வந்தது, பேரனுக்கு எட்டாக் கனியா?

ஊருக்குப் போவது என்றால் நம் தீவுகளில் ஒரு காலத்தில் ஒரே பொருள்தான். போர்ட் பிளேரில் கப்பலேறி, மூன்று நாள் கடலில் கிடந்து, சென்னைத் துறைமுகத்தில் இறங்குவதே அது. விடுமுறை என்பதும் அதுவே, கல்யாணம் காட்சி என்பதும் அதுவே. அந்தக் காலம் மலையேறிவிட்டது. 2023 ஜூலையில் விமான நிலையத்தின் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் முதல் இந்தியருக்கு விசா தேவையில்லை என்று மலேசியா அறிவித்தது. 2024 நவம்பரில் இங்கிருந்து கோலாலம்பூருக்கு முதன்முதலாக நேரடி விமானம் பறந்தது. இதற்கிடையில், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரின் பெயரும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறிவிட்டது. பினாங்கிலும் ஈப்போவிலும் உறவினரை உடையவர்களும், அட்டனிலும் பதுளையிலும் பிறந்து வளர்ந்த பெரியவர்களை வீட்டில் உடையவர்களும், பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப்போய்க் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான். நாம் வரவேற்கிறோம்.

ஆனால் கோடை விடுமுறை நெருங்க நெருங்க, இந்த ஆசை பல குடும்பங்களில் கண்ணீராக மாறுவதையும் காண்கிறோம். விமானச் சீட்டு வாங்கியாயிற்று. சேமிப்பில் பாதி கரைந்தாயிற்று. பெட்டி கட்டும் வேளையில்தான், பிள்ளையின் கடவுச்சீட்டு செல்லாது என்றோ, கிடைக்காது என்றோ தெரிய வருகிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது. பச்சைப் பிள்ளைக்குத்தான் வில்லங்கம்! பெற்றோர் கப்பல் கவிழ்ந்தாற்போலக் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இது ஒரு குடும்பத்தின் கவனக்குறைவு என்று தள்ளிவிடக்கூடிய விஷயமா? அல்ல என்பதே நம் கருத்து. புறப்படும் வாரத்தில் கண்ணில் படுகிற இந்தக் கோளாறு, அந்த வாரத்தில் பிறந்ததல்ல. பிள்ளை பிறந்த அன்று பிறந்தது. சில குடும்பங்களில் பாட்டன் கப்பலேறிய அன்றே பிறந்தது. ஆகவே இதைச் சற்று விரிவாகவே ஆராய வேண்டியிருக்கிறது.

எங்கே இடிக்கிறது?

முதலாவது, கெடு. பெரியவர்களுக்குக் கடவுச்சீட்டு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். பிள்ளைகளுக்கு 5 ஆண்டுகள், அல்லது 18 வயது நிறையும் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரைதான். வீட்டில் நாலு பேருக்கும் ஒரே நாளில் வாங்கியிருப்பார்கள். நாலும் ஒரே நாளில்தான் முடியும் என்று நம்பியிருப்பார்கள். போதாததற்கு, மலேசியா போன்ற பல நாடுகள், வந்திறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது கெடு மிச்சமிருக்க வேண்டும் என்கின்றன. ஆக, பிள்ளையின் கடவுச்சீட்டில் நாலு மாதம் மிச்சமிருந்தாலும் அது பயணத்துக்கு உதவாது. விமானத்தில் ஏறும் முன்பே நிறுத்திவிடுவார்கள்.

இரண்டாவது, பிறப்புச் சான்றிதழ். பெயரில்லாமலே பிறப்பைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. பெயர் சூட்டிய பின் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். 12 மாதத்துக்குள் என்றால் கட்டணமில்லை. அதற்குப் பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு ஏற்றலாம். நம்மவர்களில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? சான்றிதழை வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள். அதில் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருப்பது, கடவுச்சீட்டுக்கு மனுப் போடும்போதுதான் கண்ணில் படுகிறது. பிறப்பையே பதியாமல் ஓராண்டு கடந்துவிட்டால் சிக்கல் இன்னும் பெரிது. முன்பு அதற்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவரின் உத்தரவு தேவைப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மாவட்ட நடுவரோ உட்கோட்ட நடுவரோ விசாரித்து உத்தரவிடலாம். மேலும், அந்த நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்த பிள்ளைகளுக்கு, பிறந்த தேதிக்குச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஏற்கப்படும் என்று 2025 பிப்ரவரியில் கடவுச்சீட்டு விதிகளைத் திருத்திவிட்டார்கள். பள்ளிச் சான்று, வேறு அட்டை என்று இனிச் சுற்றி வர வழியில்லை.

மூன்றாவது, பெயர். தமிழனுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதல் எழுத்தே அவனுக்குத் தலைப்பெழுத்து. ஆனால் மனுத்தாளில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் காத்திருக்கிறது. ஒருவர் அதைக் காலியாக விடுகிறார். ஒருவர் தகப்பன் பெயரைப் போடுகிறார். ஒருவர் ஒற்றை எழுத்தையே போட்டுவிடுகிறார். தகப்பனின் கடவுச்சீட்டில் பாட்டன் பெயர் குடும்பப் பெயர். பிள்ளையின் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயர். ஒரே வீட்டில் இரண்டு குடும்பம்! அயல்நாட்டு விமான நிலையத்து அதிகாரி, "இவன் உன் பிள்ளைதானா?" என்று கேட்டால் வியப்பதற்கில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்து, பிறகு தகப்பன் பெயர் உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. அந்தச் சில நாட்களில் அலைந்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் ஏராளம்.

எழுத்துப்பிழை தனிக் கதை. தமிழில் 'பழனி' என்றால் மூன்றே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு குமாஸ்தா 'ழ'வுக்கு 'எல்' போடுகிறார். இன்னொருவர் 'இசட், எச்' போடுகிறார். 'முத்து'வில் வரும் 'த்'துக்கு நாம் 'எச்' சேர்த்து எழுதுவோம். வடநாட்டார் சேர்க்க மாட்டார். நம் தீவுகளில் ஆஸ்பத்திரியில் எழுதுபவர் வங்காளியாக இருப்பார். பள்ளியில் எழுதுபவர் இந்திக்காரராக இருப்பார். ரேஷன் அட்டையில் எழுதுபவர் தெலுங்கராக இருப்பார். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரே பிள்ளை மூன்று தாளில் மூன்று பிள்ளையாகிவிடுகிறது என்பதை மறுக்க முடியுமா?

நான்காவது, பெற்றோர் ஒப்புதல். பிள்ளைக்குக் கடவுச்சீட்டுக் கேட்கும்போது தாயும் தகப்பனும் இருவருமே உறுதிமொழி தர வேண்டும். தகப்பன் வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்ப வேண்டும். புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது இது நடக்கிற காரியமா?

அவசர முறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிள்ளைகளுக்குக் கடவுச்சீட்டுக் கட்டணம் 1000 ரூபாய். தட்கல் முறைக்கு மேலும் 2000 ரூபாய். பணம் கட்டினால் கடவுச்சீட்டு விரைந்து வரலாம். ஆனால் அதற்கு அடியில் கிடக்கிற பிறப்புச் சான்றிதழ்ப் பிழையைத் தட்கலில் திருத்த முடியாது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அந்தப் பூசாரியோ வேறொரு தீவில் இருக்கிறார். கச்சாலிலிருந்து தலைநகருக்குக் கப்பலில் வர ஒரு நாளுக்கு மேல் ஆகும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

ஒருவழிக் கடவுச்சீட்டு

இவையெல்லாம் எல்லா இந்தியருக்கும் பொதுவான தொல்லைகள். நம்மவர்களுக்கு மட்டும் உரிய இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம்.

1948-இல் இலங்கை தன் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியபோது, தேயிலைக்கும் ரப்பருக்கும் தங்கள் எலும்பை எருவாக்கிய மலையகத் தமிழர்கள் ஒரே நாளில் நாடற்றவர்கள் ஆனார்கள். அந்தச் சட்டம் கேட்டது என்ன? உன் தகப்பன் இந்த மண்ணில் பிறந்தான் என்பதற்குத் தாள் காட்டு. பாட்டன் பிறந்தான் என்பதற்குத் தாள் காட்டு. லயத்து அறையில் பிறந்தவனுக்கு ஏது தாள்? தோட்டத்துப் பதிவேட்டில் ஒரு வரி இருந்தால் உண்டு. உழைப்பு இருந்தது, வியர்வை இருந்தது, கல்லறை கூட அங்கேதான் இருந்தது. தாள் மட்டும் இல்லை. அதனால் நாடும் இல்லாமல் போயிற்று.

1964 அக்டோபர் 30-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974-இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டியிலிருந்து புறப்பட்ட ரயிலுக்கு நம் பெண்கள் ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வைத்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் கொடுத்தபோது, ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒன்று இருந்தது. அதுதான் இந்தியக் கடவுச்சீட்டு!

வாசகர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மற்ற இந்தியருக்குப் பிறப்பு முதலில், கடவுச்சீட்டு கடைசியில். நம் பாட்டனுக்கோ கடவுச்சீட்டுத்தான் முதல். அவர் கேட்டு அலையவில்லை. அவரை ஏற்றி அனுப்புவதற்காக அவர் கையில் கொடுத்தார்கள். அது போவதற்கு மட்டும், திரும்புவதற்கு அல்ல. மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் அந்த ஒரே புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தன. இந்தியக் குடிமகன் என்று இந்திய அரசே எழுதிக் கொடுத்த சாசனம் அது.

அப்படி வந்தவர்களைத் தமிழ்நாட்டில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும், கேரளத்தில் புனலூர்ப் பக்கத்திலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலும் குடியமர்த்தினார்கள். ஒரு பகுதியினரை நம் நிக்கோபார் மாவட்டத்துக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். மலைக் குளிரில் பிறந்தவர்கள் கடல் நடுவே காடு வெட்டி, மரம் கீறிப் பால் எடுத்தார்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப் பேரலை வந்தது. நிக்கோபார்த் தீவுகளில் மிகப் பெரிய உயிர்ச்சேதத்தைக் கண்டவற்றுள் கச்சாலும் ஒன்று. மனிதர்களே போன இடத்தில் தகரப் பெட்டிகள் தங்குமா? எத்தனையோ வீட்டுத் தாள்களும் கடலோடு போயின.

தாள் சங்கிலி

போனால் என்ன, பேரப்பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள்தானே என்று கேட்கலாம். இங்கேதான் சட்டம் மாறியதைக் கவனிக்க வேண்டும்.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், மிகச் சில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடிமகன். தகப்பன் யார், தாய் யார் என்ற கேள்வி இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும் என்றார்கள். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்களுக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராக இருந்து, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமல் இருக்க வேண்டும் என்றார்கள்.

இதன் பொருள் என்ன? நம் இரண்டாம் தலைமுறைக்குப் பிறந்த மண்ணே சாட்சி. மூன்றாம் தலைமுறைக்கு மண் மட்டும் போதாது. பெற்றோரின் தாள் வேண்டும். 1987-க்குப் பின் பிறந்த பெற்றோர் என்றால், அவர்கள் இந்தியர் என்பதற்குப் பாட்டனின் தாள் வேண்டும். மண்ணிலிருந்து தாளுக்கு மாறிவிட்டது குடியுரிமை. 1948-இல் இலங்கைச் சட்டம் நம்மிடம் கேட்ட அதே கேள்வி, வேறு நோக்கத்தோடு, வேறு மொழியில், இப்போது நம் பேரப்பிள்ளைகளிடமும் வந்து நிற்கிறது. அவர்கள் சட்டப்படி இந்தியர்களே. அதில் ஐயமில்லை. ஆனால் இந்தியராக இருப்பது வேறு, இந்தியர் என்று மேசையின் அந்தப் பக்கத்தில் இருப்பவரை நம்ப வைப்பது வேறு. 'பெற்றோர் வழி: இலங்கை' என்று ஒரு வரி கண்ணில் பட்டதும் பேனாவை மூடிவிடுகிற குமாஸ்தாக்கள் இருக்கிறார்கள். தாயகம் திரும்பியோர் யார், அகதி யார் என்ற வேறுபாடே தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

1983-க்குப் பின் அகதிகளாக வந்து தமிழ்நாட்டு முகாம்களில் இருப்போரின் நிலை இன்னும் கொடிது. அந்தக் குடும்பங்களில் பெண் கொடுத்தவர்களும் எடுத்தவர்களும் நம்மிடையே உண்டு. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டபோது, அவர் 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர், ஆகவே இந்தியரே என்று சொல்லி, கடவுச்சீட்டு வழங்கும்படி 2022-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 36 வயதில், நீதிமன்றப் படியேறி, பிறந்த அன்றே கிடைத்திருக்க வேண்டியதைப் பெற்றார். அந்தத் தேதி முதல் பிறந்தவர்களுக்கோ அந்தக் கதவும் இல்லை. ஒரு தேதி எப்படி ஒரு வாழ்க்கையைப் பிளக்கிறது பாருங்கள்!

இங்கிலாந்து கற்பிக்கும் பாடம்

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே 1948-இல், 'வின்ட்ரஷ்' என்ற கப்பலில் மேற்கிந்தியத் தீவு மக்கள் இங்கிலாந்துக்கு உழைக்கப் போனார்கள். பின்வந்த ஆண்டுகளில் அவர்களைப் போலவே வந்தவர்களின் பிள்ளைகள் பலர் பெற்றோரின் கடவுச்சீட்டில் பெயர் எழுதப்பட்டு வந்தவர்கள். தனித் தாள் இல்லை. அரை நூற்றாண்டு அங்கேயே படித்து, வேலை செய்து, வரி கட்டி வாழ்ந்தார்கள். அவர்கள் வந்திறங்கியதற்குச் சான்றான பதிவுச் சீட்டுகளை 2010-இல் அரசே அழித்துவிட்டது. பிறகு, நீ இந்த நாட்டவன் என்பதற்குச் சான்று எங்கே என்று அரசே கேட்டது! வேலை போனவர் உண்டு. மருத்துவம் மறுக்கப்பட்டவர் உண்டு. பிறந்த தீவைப் பார்த்துவரப் போய்த் திரும்ப முடியாமல் அங்கேயே நின்றவர் உண்டு. 2018-இல் இந்த அநியாயம் அம்பலமானபோது, பிரதமரே மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

அவர்களில் பலருக்கு அதுவரை எதுவும் தெரியாது. கடவுச்சீட்டுக்கு மனுப் போட்டபோதோ, ஒரு பயணம் கிளம்பியபோதோதான் தெரிந்தது. தகப்பன் புத்தகத்தில் ஒரு வரியாக வந்த பிள்ளைகள் நம்மிடமும் இருக்கிறார்கள். இன்று அவர்களே தாத்தா பாட்டிகள். இங்கிலாந்தில் நடந்தது இங்கே நடக்காமல் இருக்க வேண்டுமானால், நடப்பதற்கு முன்பே விழித்துக்கொள்ள வேண்டும்.

பணக்காரர் கவலையா?

"பயணம் போகிற வசதி உள்ளவர்களின் கவலை இது. கூலிக்காரனுக்கு இதனால் என்ன?" என்று நம் தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானது. பதில் சொல்கிறோம்.

விடுமுறைப் பயணம் கெட்டால் பணம் போகும், மனம் நோகும், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பயணம் ஒரு நன்மை செய்திருக்கிறது. ஒளிந்திருந்த பழுதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. பயணமே போகாத வீட்டிலும் அதே பழுது இருக்கிறது. கண்ணில் படவில்லை, அவ்வளவே. அது எப்போது படும்? நர்சிங் படித்த மகள் வளைகுடாவில் வேலைக்குத் தேர்வானதும் படும். உள்ளூர்ச் சான்று கேட்கும்போது படும். கச்சால் தோட்டத்தை நடத்திய அந்தமான் நிக்கோபார் வனம் மற்றும் தோட்ட வளர்ச்சிக் கழகத்தை மூடுவதென்று 2017-இல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. அந்தத் தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தோட்டம் இனிச் சோறு போடாது. கடல் தாண்டித்தான் பிழைக்க வேண்டும். விமானத்தில் ஏறி ஊர் சுற்றுகிறவனைவிட, ஏறிப் போய்ப் பிழைக்க வேண்டியவனுக்கே இந்தத் தாள் அதிகம் தேவை. எனவே இது கூலிக்காரன் பிரச்சினைதான். முதலாவதாக அவன் பிரச்சினைதான்.

இன்னொன்றையும் நினைவூட்ட விரும்புகிறோம். கடவுச்சீட்டு அரசு போடும் பிச்சையல்ல. 1967-இல் சத்வந்த் சிங் சாவ்னி வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பிறகுதான் அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டமே வந்தது. 1978-இல் மேனகா காந்தி வழக்கில் அதை இன்னும் வலுவாக்கியது. பிள்ளைகளைப் பற்றியோ, 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7-ஆவது பிரிவு, ஒவ்வொரு பிள்ளையும் பிறந்தவுடன் பதிவு செய்யப்பட வேண்டும், அதற்குப் பெயரும் நாட்டுரிமையும் வேண்டும் என்கிறது. 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஆகவே நாம் சலுகை கேட்கவில்லை, ஒப்புக்கொண்டதைத்தான் கேட்கிறோம்.

நிர்வாகம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, 1964, 1974 ஒப்பந்தங்களின்படி வந்து இத்தீவுகளில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களுக்கு, அரசின் கைவசமுள்ள ஆவணங்களைக் கொண்டு, குடும்பவாரியாக ஒரு நிரந்தரச் சான்று வழங்க வேண்டும். கடவுச்சீட்டு கொடுத்ததும் அரசு, கப்பலேற்றியதும் அரசு, முகாமில் பதிந்ததும் அரசு, தோட்டத்தில் வேலை கொடுத்ததும் அரசு. நான்கு இடத்திலும் எழுதி வைத்தவர்கள், ஆழிப் பேரலையில் எல்லாம் இழந்தவனைப் பார்த்து, எழுதியதைக் காட்டு என்று கேட்பது எந்த நியாயம்?

இரண்டாவதாக, பிறப்புப் பதிவாளர், உட்கோட்ட நடுவர், கடவுச்சீட்டு அலுவலர் மூவரும் ஒரே கூடாரத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கு ஒருமுறை முகாம் நடத்த வேண்டும். கச்சால், காமோர்ட்டா, கேம்பல் பே, ஹட் பே, மாயாபந்தர், திக்லிப்பூர் ஆகிய இடங்களிலாவது நடத்த வேண்டும். பெருநிலத்தில் நடமாடும் கடவுச்சீட்டு வண்டிகள் ஊர் ஊராகப் போகின்றன. கடலில் வண்டி ஓடாது என்பதற்காகத் தீவு மக்கள் குற்றவாளிகளா? கப்பலில் வரட்டும். தென்மேற்குப் பருவம் தொடங்கிக் கடல் முரண்டு பிடிக்கும் முன் வரட்டும்.

மூன்றாவதாக, பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரைத் தாய்மொழியிலும் எழுத வேண்டும். 2011 கணக்கெடுப்பில் இத்தீவுகளின் 3,80,581 மக்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழ் பேசுவோர். மூல எழுத்து தமிழில் பதிவாகியிருந்தால், ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதினாலும் எது சரி என்று தீர்க்க ஓர் அடிப்படை கிடைக்கும். வங்காளிக்கும் தெலுங்கருக்கும் இதே உரிமை வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

நான்காவதாக, பள்ளியில் முதல் வகுப்பில் சேர்க்கும்போதே பிறப்புச் சான்றிதழைப் பிழை பார்த்து, பிழை இருந்தால் பள்ளி வழியாகவே திருத்தத்துக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும். ஆறு வயதில் ஒரு மனுவில் முடிகிற காரியத்தைப் பதினாறு வயதில் பத்து மனுவாக்குவானேன்?

நாம் செய்ய வேண்டியவை

நிர்வாகத்தைக் கேட்பது நம் உரிமை. அது தரும்வரை கைகட்டி இருப்பது அறிவீனம். தாளில்லாமல் நாடிழந்த மக்கள், தாளை அலட்சியம் செய்யலாகாது.

பிள்ளை பிறந்ததும் தாயும் தகப்பனும் கலந்து ஒரே பெயரை, ஒரே எழுத்துக் கூட்டலை முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி, பள்ளி, ஆதார், வங்கி எங்கும் அதையே கொடுங்கள். முதல் பிறந்த நாளுக்குள் பெயரைப் பிறப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள், அதற்குக் காசில்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை வீட்டில் எல்லாருக்கும் ஒரே முறையாகத் தீர்மானியுங்கள். பிள்ளையின் கடவுச்சீட்டுக் கெடுவை நாட்காட்டியில் குறித்து, ஓராண்டு இருக்கும்போதே புதுப்பிக்கப் புறப்படுங்கள். விமானச் சீட்டு கடைசியில் வாங்க வேண்டியது. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டுத் தாலிக்குப் பொன் தேடாதீர்கள்.

பாட்டனின் பழைய கடவுச்சீட்டு எந்த வீட்டில் இருந்தாலும், கரையான் அரித்ததாயினும் தண்ணீர் பட்டதாயினும், அதை எறியாதீர்கள். பிரதி எடுத்து அண்ணன் தம்பி, அக்காள் தங்கை வீடுகளில் ஒவ்வொன்று வையுங்கள். ஒரே வீட்டில் எல்லாவற்றையும் வைத்ததன் பலனை 2004-இல் கண்டோம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எந்த முகாம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இறங்கியபோது பத்து வயதாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்கள் நினைவும் ஓர் ஆவணம்தான். ஆனால் அதற்கு நகல் கிடையாது.

ஒவ்வொரு கிளைச் சங்கமும் இந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். படித்த இளைஞர்கள் நாலு பேர் உட்கார்ந்து, வரும் குடும்பங்களின் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே எழுத்து மாறியிருக்கிறது, எங்கே பெயர் விட்டுப்போயிருக்கிறது, எந்தப் பிள்ளைக்குக் கெடு நெருங்குகிறது என்று பட்டியல் எடுக்கட்டும். அந்தப் பட்டியலோடு நிர்வாகத்தின் கதவைத் தட்டுவோம். வெறுங்கையோடு போய்க் குறை சொல்வதைவிட, குடும்பக் கணக்கோடு போய் நியாயம் கேட்பது பலம்.

அன்று நம் பெரியவர்கள் கையில் திணிக்கப்பட்ட கடவுச்சீட்டு, பிறந்த மண்ணை விட்டுப் போவதற்கானது. இன்று நம் பிள்ளைகள் கேட்பது, அந்த மண்ணைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குத் திரும்புவதற்கானது. அவர்கள் வீடு இந்தத் தீவுகள். இதை ஒரு மேசையிலும் அவர்கள் நிரூபித்துக்கொண்டிருக்கத் தேவையில்லாத நாள் வர வேண்டும். அதற்கான முதல் மனுவை இந்த மழைக்காலத்துக்கு முன்பே எழுதுவோம்.